பிணை நின்றவர்கள்

“உங்களுக்குப் பாஸ் தரேலாது, அம்மா,” என்றார் இயக்கத்தின் பாஸ் கந்தோர்ப் பொறுப்பாளர்.

யோசப்பின் கதிரையின் நுனியில் இருந்தாள். பொறுப்பாளருக்கு அவளுடைய மகனின் வயதுதான் இருக்கும். கரவெட்டிப் பக்கத்துப் பெடியன் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். மரியாதையானவர். அவள் உள்ளே வந்ததும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“ஏன் தம்பி?”

“உங்கடை அவர் ஒராளுக்குப் பிணை நிண்டிருக்கிறார். அடைக்கலநாதன். பிள்ளையின்ரை ஒப்பரேசனுக்கு எண்டு போன வருசம் கொழும்புக்குப் போன ஆள். ஒரு மாதத்திலை திரும்பியிருக்க வேணும். இன்னும் வரேல்லை.”

“அவன் வராததுக்கு நான் என்ன செய்யிறது?”

“பிணை எண்டால் அதுதானே, அம்மா. அவர் வருமட்டும் பிணை நிண்ட வீட்டிலை ஒருத்தருக்கும் பாஸ் இல்லை. அது சட்டம்.”

“ஆற்றை சட்டம்?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே விளங்கியது. வாசலில் நின்ற காவல்காரப் பெடியன் திரும்பிப் பார்த்தான். பொறுப்பாளர் கோபிக்கவில்லை.

“எங்கடை சட்டம்தான். எல்லாருக்கும் பொது.”

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. கடலில் இறங்க அரசாங்கம் விடாது. குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கம் விடாது. போவதென்றால் பாஸ் வேண்டும். பாஸுக்கு, இங்கே இருக்கிற ஒருவர் பிணை நிற்க வேண்டும்.

யோசப்பின் செஞ்சிலுவை கொண்டுவந்து கொடுத்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பொறுப்பாளர் வாசித்தார்.

“மகன் மறியலிலையோ?”

“ஓம். கொழும்பிலை சிறைக்குள்ளை ரண்டு வருசம். லொட்ஜிலை நித்திரையாக் கிடந்தவனைப் பொலிஸ் சுற்றிவளைச்சுப் பிடிச்சவங்கள்.”

“என்ன வழக்கு?”

“வழக்கில்லை. வழக்கில்லாதபடியால் தீர்ப்பும் இல்லை.”

“அநியாயம், அம்மா. விசாரணை இல்லை, ஒண்டுமில்லை. ஒரு மனிசனைப் பிடிச்சுச் சும்மா வைச்சிருக்கிறது.”

“ஓம் தம்பி. அந்த அநியாயத்தை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரத்தான் கேக்கிறன்.”

அவர் காகிதத்தை மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “அடைக்கலநாதனை வரச் சொல்லுங்கோ.”

வெளியே வரிசை வேலியோரம் வரை நீண்டிருந்தது. வரும்போது அவளுக்கு முன்னால் நின்ற பூரணம் இன்னும் அங்கேதான் நின்றாள்.

“கிடைச்சுதோ?”

“இல்லை.”

“எனக்கும் போன முறை இல்லையெண்டாங்கள். இனிச் செத்தால்தான் பாஸ் இல்லாமல் போகலாம் போலை.”

“பகிடியோ?” என்றார் பின்னால் நின்ற கிழவர். “பெட்டிக்கும் பிணை கேப்பாங்கள்.”

வரிசை சிரித்தது. பிறகு எல்லோரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

யோசப்பினின் புருசன் கனிசியஸ் குருநகரில் சம்மாட்டியாக, வள்ளத்துக்கு முதலாளியாக இருந்தவர். வள்ளம் இருந்தது, மெசின் இருந்தது, வலை இருந்தது. கரைக்கு ஷெல் விழத் தொடங்கிய பிறகு இருவரும் திருநெல்வேலிக்கு வந்து, சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் பாதியில் இருந்தார்கள். வள்ளம் கரையில் குப்புறக் கிடந்தது. வலையை மட்டும் கொண்டு வந்திருந்தார். கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துப் பொத்திக்கொண்டிருந்தார்.

தன் வள்ளத்தில் கால் வைத்தவனுக்குச் சம்மாட்டிதான் பொறுப்பு. அவனுக்குக் கலியாணம் பேசினால் பங்குச் சுவாமியிடம் போய் நல்லவன் என்று சொல்வது சம்மாட்டி. அவன் குடித்துவிட்டு அடிபட்டால் பொலிசில் போய் நிற்பது சம்மாட்டி. அவன் கடலில் போனால் அவன் பெண்சாதியிடம் முதலில் போய்ச் சொல்வதும் சம்மாட்டி. கனிசியஸின் தகப்பனும் அப்படித்தான் நின்றார். அவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போன அடைக்கலநாதன் வந்து, “பிள்ளைக்கு நெஞ்சிலை ஓட்டையாம், சம்மாட்டியார்,” என்றபோது கனிசியஸ் சேட்டைப் போட்டுக்கொண்டு பாஸ் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்தார். சுவாமியின் முன்னால் நிற்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார்.

“என்ன சொன்னவங்கள்?” என்று கேட்டார்.

“அடைக்கலம் வந்தால்தானாம்.”

“வருவான்.”

“எப்ப? என்ரை பிள்ளை செத்த பிறகோ?”

அடைக்கலநாதனிடமிருந்து ஒரேயொருமுறை ஒரு சொல் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு மனிதர் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். “அங்கை ஒரு அலுவல் கிடக்காம். முடிய வாறானாம். சம்மாட்டியார் குறை நினைக்கக் கூடாதாம்.” என்ன அலுவல் என்று அவருக்கும் தெரியாது. “கொழும்பிலை என்ன அலுவல்? படம் பாக்கிற அலுவல்,” என்று அன்றைக்கு யோசப்பின் சொன்னாள்.

“நீங்கள் கையெழுத்து வைக்கேக்கை என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?”

“அந்தரத்திலை நிண்ட பிள்ளை. கேக்க என்ன கிடக்கு?”

“இப்ப அந்தரத்திலை நிக்கிறது ஆர்?”

கனிசியஸ் வலையை விட்டுக் கையை எடுத்தார். எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார்.

“என்னைப் பிடிச்சு வைச்சுக்கொண்டுதான் எனக்கு விடுதலை எடுத்துத் தரப்போறியளோ எண்டு கேட்டன்.”

“அதுக்கு?”

“சிரிச்சாங்கள். ஒருத்தன் மட்டும் சிரிக்கேல்லை. நான் வெளிக்கிட்டு வந்திட்டன்.”

அவள் சோற்றைப் போட்டாள். அவர் சாப்பிடாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியாத ஒன்று யோசப்பினுக்குத் தெரிந்திருந்தது.

அடைக்கலநாதனும் அவன் பெண்சாதி ஸ்ரெல்லாவும் பிள்ளையோடு வெளிக்கிட்ட அன்று அவள் பஸ் வரைக்கும் போனாள். பிள்ளை யசிந்தாவுக்கு அவள்தான் ஞானத்தாய். பஸ் வெளிக்கிடுகிற நேரம் ஸ்ரெல்லா யன்னலால் குனிந்து, கொழும்பில் தங்கப்போகிற இடத்தை அவள் காதில் சொன்னாள். கொட்டாஞ்சேனை. தெருப் பெயர். தையல் கடைக்கு மேல் அறை. “சம்மாட்டியாருக்குச் சொல்லாதையுங்கோ, அக்கா. ஆரும் கேட்டால் அந்த மனிசனுக்குப் பொய் சொல்ல வராது.”

யோசப்பின் ஒருவரிடமும் சொல்லவில்லை. செபம் சொல்கிற மாதிரி இடைக்கிடை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

இரண்டாம் முறை கந்தோருக்குப் போனபோது பொறுப்பாளரே அந்தக் கதையை எடுத்தார்.

“ஆள் எங்கை இருக்கிறார் எண்டு தெரிஞ்சால் நாங்கள் சொல்லி எடுப்பம், அம்மா. எங்கடை ஆக்கள் அங்கையும் இருக்கினம்.”

“ஒண்டும் செய்யமாட்டியளே?”

“என்ன செய்யிறது? வரச் சொல்லுவம். அவ்வளவுதான்.”

“வராட்டி?”

பொறுப்பாளர் போத்தலை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகினார்.

“வருவார்.”

அவள் எழும்பினாள்.

“ஆறுதலா யோசியுங்கோ,” என்றார். “அவர் வெளிக்கிட்டிட்டார் எண்டு தெரிஞ்சால் அண்டைக்கே உங்கடை பாஸ்.”

பலாலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தாள். வழியில் மாதா கோயில் திறந்திருந்தது. சுவாமி உள்ளேதான் இருந்தார். அவள் போய்க் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்டு என்ன பயன்.

கடைசி வரிசை வாங்கில் இருந்துகொண்டு காகிதத்தைத் திரும்பவும் விரித்தாள். மகன் நாயகத்தின் எழுத்து. கிறிஸ்துநாயகம் என்று முழுப்பெயரையும் எழுதியிருந்தான். அதற்கு முன்பு வந்தவற்றில் எல்லாம், “நான் சுகம், கிளாலியில் கடல் கடக்கிற சனம் சாகுதாம், நீங்கள் ஒருவரும் வரவேண்டாம்,” என்றுதான் இருக்கும். இதில் மட்டும், “அம்மா, எனக்கு இருமல் விடவில்லை. ஏலுமென்றால் ஒருக்கால் வாருங்கள்,” என்று இருந்தது.

அவன் கேட்கிற பிள்ளை அல்ல. சின்ன வயதில் திருக்கை முள் ஏறி, கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிய பிறகுதான் வீட்டில் தெரிந்தது. ஏனடா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் கருவாடு போட்டுக்கொண்டு நின்றனீங்கள் என்றான்.

அப்படிப்பட்டவன் வா என்கிறான்.

அடுத்த நாள் காலை அவள் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் உள்ளே போய், கதிரையில் இருக்காமல், சொன்னாள். கொட்டாஞ்சேனை. தெருப் பெயர். தையல் கடைக்கு மேல்.

பொறுப்பாளர் எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். எழுதியிருந்தால் அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“நல்ல காரியம்தான் செய்திருக்கிறியள், அம்மா.”

“அதை நீங்கள் சொல்லவேண்டாம், தம்பி.”

பாஸ் வந்தது. ஒரு மாதத்துக்கு. பிணை, கனிசியஸ்.

“பாத்தியே,” என்றார் கனிசியஸ். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. “அடைக்கலம் வெளிக்கிட்டிட்டானாம். கஷ்டப்படுறம் எண்டு தெரிஞ்சால் வருவான் எண்டு நான் சொன்னன்தானே. என்ரை வள்ளத்திலை நிண்டவன்.”

யோசப்பின் பையில் உடுப்பை அடுக்கினாள்.

“ஆர் போய்ச் சொன்னதோ தெரியாது. ஆரெண்டாலும் நல்லாயிருக்கட்டும்.”

அவள் சேலை ஒன்றை மடித்து, விரித்து, திரும்ப மடித்தாள்.

கிளாலியில் இருட்டுக்குள் வள்ளத்தில் ஏற்றினார்கள். கடல்நீரேரியின் நடுவில் எதிர்ப்பக்கம் போகிற வள்ளங்களின் மெசின் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை. எந்த வள்ளத்திலும் ஒருவரும் கதைக்கவில்லை.

வவுனியாவில் இன்னொரு பாஸ். ஏன் போகிறாய், யாரைப் பார்க்க, எத்தனை நாள், யார் பொறுப்பு என்று ஆமிக்காரன் கேட்டான். திருநெல்வேலியில் கேட்ட அதே கேள்விகள். இங்கே கதிரை இல்லை.

வியாழக்கிழமை, கொழும்பில் மறியல் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றாள். கூப்பிட்டார்கள். கம்பி வலைக்கு அப்பால் நாயகம் வந்தான். தோளெலும்பு சேட்டுக்குள்ளால் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் அவனுடைய வாய் கோணிற்று. பிறகு சமாளித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“அண்ணை வரேல்லையே?”

“எந்த அண்ணை?”

“அடைக்கலண்ணை.” குரலைத் தாழ்த்தினான். “இஞ்சை அவரை என்ரை சொந்த அண்ணை எண்டுதான் பதிஞ்சு கிடக்கு. சொந்தக்காரரைத் தவிர ஒருத்தரையும் விடாங்கள். எந்த வியாழனும் தவறமாட்டார். சோறு, இருமல் மருந்து, எல்லாம் அவர்தான். இப்ப கொஞ்ச நாளா ஆளைக் காணேல்லை. பிடிச்சிட்டாங்களோ எண்டு எனக்கு ஒரே பயம்.”

யோசப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப துவக்கம் வாறவன்?”

“பிள்ளையின்ரை ஒப்பரேசன் முடிஞ்ச கையோடை. ஒரு மாதத்திலை போகவேணும், சம்மாட்டியார் பிணை நிக்கிறார் எண்டு சொன்னவர். எனக்கு அப்ப இருமலோடை ரத்தமாக் கொட்டினது. இப்பிடி விட்டிட்டுப் போய்ச் சம்மாட்டியாற்றை முகத்திலை எப்பிடி முழிக்கிறது எண்டார். நான் போங்கோ எண்டுதான் சொன்னனான், அம்மா. கேக்கேல்லை.”

“ஏனடா ஒரு சொல்லு எழுதேல்லை?”

“எழுதினால் வழியிலை உடைச்சுப் பாப்பாங்கள். அண்ணை இல்லாதவன் அண்ணை எண்டு வாறான் எண்டு தெரிஞ்சால் அவரும் உள்ளுக்கு. வாய்ச்சொல்லா அனுப்பினவராம். கிடைக்கேல்லையே?”

“கிடைச்சது,” என்றாள்.

இருமல் வந்து அவன் குனிந்தான். காவல்காரன் கையைத் தட்டினான்.

“அவர் எங்கை, அம்மா?”

“ஊருக்குப் போட்டான். சுகமா இருக்கிறான்.”

“போட்டாரே? நல்லது,” என்றான் நாயகம். உண்மையாகவே சந்தோசப்பட்டான். உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

தையல் கடைக்கு மேல் அறையில் ஸ்ரெல்லா சேட்டுகளுக்குத் தெறி தைத்துக்கொண்டிருந்தாள். யசிந்தா ஓடி வந்து கட்டிப்பிடித்தது. சட்டையின் கழுத்துக்குள்ளால் வெட்டின தழும்பு தெரிந்தது. பிள்ளை நன்றாக மூச்சு விட்டது.

“ரண்டு பேர் வந்தவை, அக்கா,” என்றாள் ஸ்ரெல்லா. “மரியாதையாத்தான் கதைச்சவை. செருப்பை வெளியிலை கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவை. சம்மாட்டியாரும் நீங்களும் மறிபட்டு நிக்கிறியள் எண்டு சொன்னவை. அவை போன கையோடை இவர் உடுப்பை எடுத்து வைச்சிட்டார்.”

“நீ மறிக்கேல்லையே?”

“நாயகத்துக்கு ஆர் எண்டு கேட்டன். நான் போனால்தான் அவன்ரை தாய் வரலாம் எண்டார்.”

ஊசி துணிக்குள் போய் வந்தது.

“இந்த இடம் அவைக்கு எப்பிடித் தெரியும் எண்டு நான் அவையிட்டைக் கேக்கேல்லை. இவரும் கேக்கேல்லை. நான் ஒராளுக்குத்தான் சொன்னனான்.”

“ஓம்,” என்றாள் யோசப்பின்.

ஸ்ரெல்லா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் இருந்த சேட்டை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் முடித்தாள். யசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியில் போய் இருந்துகொண்டது.

“சாப்பிட்டனீங்களோ?” என்றாள் ஸ்ரெல்லா கடைசியில்.

யோசப்பின் அங்கேயே தங்கினாள். போவதற்கு வேறு இடம் இல்லை. பொலிசில் பதிந்தார்கள். அவர்களும் பாஸ் முடிகிற திகதி வரைக்கும்தான் இருக்கலாம் என்றார்கள். வியாழக்கிழமைகளில் சோறு கொண்டு போனாள். நாயகத்தின் முகம் கொஞ்சம் தேறியது. அண்ணை சுகமோ என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். சுகம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

மாதம் முடிகிற கிழமை, புதன்கிழமை, சிவசுப்பிரமணியம் என்பவர் படியேறி வந்தார். திருநெல்வேலிச் சந்தையடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பென்சன் அலுவலாகத் தமையனைக் கூட்டிக்கொண்டு வந்தவர். கதிரையில் இருந்ததும் துவாயால் முகத்தைத் துடைத்தார். ஸ்ரெல்லாவைப் பார்த்தார். கதைக்கத் தயங்கினார்.

“சொல்லுங்கோ,” என்றாள் ஸ்ரெல்லா.

“கிளாலியிலை இறங்கின இடத்திலையே அடைக்கலத்தை இயக்கப் பெடியள் கூட்டிக்கொண்டு போட்டினம், பிள்ளை. இவ்வளவு காலமும் கொழும்பிலை என்ன செய்தனீ எண்டு விசாரிச்சிருக்கினம். உள்ளதைச் சொல்லிப்போட்டான். மறியலுக்குக் கிழமைக்குக் கிழமை போய்வந்த ஆள் எண்டால் ஆமிக்காரனோடை உனக்கு என்ன தொடர்பு எண்டு கேக்கினமாம்.”

“சம்மாட்டியார்?” என்றாள் யோசப்பின்.

“அவர் என்ன, ஒவ்வொரு நாளும் அவனை வைச்சிருக்கிற காம்ப் வாசலிலை. சோத்துப் பாசலோடை நிக்கிறார். சில நாள் வாங்குவினம், சில நாள் திருப்பிவிடுவினம். ஆளைக் காட்டமாட்டினம். நான் பிணை நிண்டனான், ஆள் வந்திட்டான், இப்ப அவனை விடுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார். அண்டைக்கு நான் பாத்தன். அவருக்கு விளங்குதில்லை. ஆள் வந்தால் பிணை முடிஞ்சுது எண்டு நினைக்கிறார்.”

ஸ்ரெல்லா எழும்பி யன்னலடிக்குப் போனாள். கீழே தெருவில் யாரோ ஐஸ்கிறீம் மணி அடித்துக்கொண்டு போனார்கள். யசிந்தா எட்டிப் பார்த்தது. வாங்கித் தரச்சொல்லிக் கேட்கவில்லை.

சிவசுப்பிரமணியம் துவாயை மடித்தார்.

“உங்களுக்கு எப்ப தவணை?”

“ஞாயிறு.”

“நான் வெள்ளி வெளிக்கிடுறன். ஒண்டாப் போகலாம். தனியப் போறது புத்தியில்லை.”

யோசப்பின் தன் கைகளைப் பார்த்தாள். திரும்பிப் போனால் நாயகத்துக்கு ஒருவரும் இல்லை. ஸ்ரெல்லாவை உள்ளே விடமாட்டார்கள். பதிவில் அவள் ஒருவருமில்லை. போகாவிட்டால் கனிசியஸ். வாசலுக்கு வெளியே நிற்கிறவரை உள்ளே எடுப்பார்கள். இரண்டில் ஒன்று. அடைக்கலநாதனும் இந்த அறையில் இருந்துதான் இதை யோசித்திருப்பான்.

“நீங்கள் போங்கோ,” என்றாள். “நான் வரேல்லை.”

“அம்மா, அவரை என்ன செய்வினம் எண்டு…”

“தெரியும்.”

“நான் போய் அந்த மனிசனுக்கு என்னெண்டு சொல்லுறது?”

“பிள்ளையை விட்டிட்டு வரேலாமல் கிடக்கு எண்டு சொல்லுங்கோ. கோவிக்கமாட்டார்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அடைக்கலத்தின்ரை இடத்தைக் காட்டிக்குடுத்தது நான் எண்டும் சொல்லுங்கோ. ஆரோ நல்லவர் போய்ச் சொன்னது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். அவர் அங்கை என்ன செய்தாலும் அதைத் தெரிஞ்சு செய்யட்டும்.”

சிவசுப்பிரமணியம் துவாயைத் தோளில் போட்டார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். படியில் செருப்புச் சத்தம் கனநேரம் கேட்டது.

ஸ்ரெல்லா யன்னலடியிலேயே நின்றாள். அழுதாளோ தெரியாது. முதுகுதான் தெரிந்தது. பொழுது படுகிற நேரம் அவள் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

“நாளைக்கு வியாழன்,” என்றாள். “போன முறை மீனை எடுத்துப்போட்டாங்களெல்லே, முள்ளுக் கிடக்கு எண்டு. முட்டை அவிப்பம்.”

யோசப்பின் முட்டை வாங்கக் கீழே இறங்கினாள்.